பெரிய ரிம், அகல டயர்: வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கார் வளைவில் இன்னும் உறுதியாக நிற்க வேண்டும், ஸ்டீயரிங் திருப்பிய கணமே வண்டி திரும்ப வேண்டும் என்று சக்கரமும் டயரும் மாற்ற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குக் காட்ட ஒரு கார் தேவை என்பதால் 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் அது நிற்காத தெரு குறைவு. அதன் தொடக்க ரகங்களுக்கு 165/80 ஆர்14, மேல் ரகங்களுக்கு 185/65 ஆர்15 என நிறுவனமே இரண்டு அளவுகளைக் கொடுத்திருப்பதால் ஒப்பிடவும் வசதி. வேறு கார் வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) போட்டால் கார் வளைவில் நன்றாகப் பிடிக்குமா?

பிடிக்காது. சாலையைத் தொடுவது ரப்பர். ரிம் அதைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான். இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு அதே அளவு அலாயில் அதே பழைய டயரை ஏற்றினால் கார் அழகாகத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பு எப்படிப் போனதோ அப்படியேதான் போகும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் டயருக்குச் செலவிடுங்கள். இரும்பு ரிம்மில் நல்ல டயர் போட்ட கார், பளபளக்கும் அலாயில் மலிவு டயர் போட்ட காரை மழைநாளில் எளிதாகத் தோற்கடித்துவிடும்.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

செலவே இல்லாத வேலையிலிருந்து. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் உங்கள் டயரில் இருக்கிறதா என்று காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். அடுத்து வீல் அலைன்மென்ட். முன் சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சற்று விலகியிருந்தாலே ஸ்டீயரிங் நடுநிலையில் மந்தமாகிவிடும், டயரும் ஓரம் தேயும். பிறகு ஷாக் அப்சார்பர், கீழ்க்கை புஷ், பால் ஜாயின்ட் ஆகிய சஸ்பென்ஷன் பாகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஷாக் தளர்ந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து டயர் வாங்கினாலும் அது சாலையில் குதித்துக்கொண்டுதான் இருக்கும்.

"வண்டி மிதக்கிறது" என்று வருகிறவர்களில் கணிசமானோருக்கு இந்த இடத்திலேயே தீர்வு கிடைத்துவிடும். டயர் விற்க நினைக்கிற கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

டயரில் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

165/80 ஆர்14 85டி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்பது வேகக் குறியீடு, மணிக்கு 190 கி.மீ. எச் என்றால் 210, வி என்றால் 240.

மாற்று டயர் வாங்கும்போது சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது. அகலத்தையும் ரிம்மையும் பேரம் பேசுகிற பலர் இந்த இரண்டையும் பார்ப்பதே இல்லை.

ஸ்விஃப்டுக்கு எந்த அளவு சரியாக வரும்?

சக்கரத்தின் மொத்த விட்டம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. ரிம் பெரிதானால் பக்கச் சுவர் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி, பக்கச் சுவரின் உயரத்தை இரு மடங்காக்கிக் கூட்டினால் விட்டம் கிடைக்கும்.

165/80 ஆர்14 டயருக்கு இது 619.6 மி.மீ. மேல் ரகத்தின் 185/65 ஆர்15 டயருக்கு 621.5. இரண்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தயாரிப்பாளரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். 195/55 ஆர்16 எடுத்தால் 620.9, இதுவும் கச்சிதம். 205/45 ஆர்17 போட்டால் 616.3. கணக்கில் இதுவும் தேறும், ஆனால் பக்கச் சுவர் 92 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. 205/55 ஆர்16 வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள், பெரிய செடான்களில் பார்த்துவிட்டு. அது 631.9, இரண்டு சதவீதம் கூடுதல். முழுக்கத் திருப்பும்போதோ ஆள் நிறைந்து பள்ளத்தில் இறங்கும்போதோ உள் மட்கார்டில் உரசும் ஆபத்து உண்டு. 185/55 ஆர்15 எதிர்த்திசைத் தவறு: 584.5 மட்டுமே. வண்டி 17 மி.மீ. தாழ்ந்துவிடும், வேகத்தடைகள் வயிற்றைத் தட்டும், சுமைக் குறியீடும் பொதுவாக 82, அதாவது 475 கிலோ.

என் பரிந்துரை: 14 அங்குல ரகம் வைத்திருப்பவர் 185/65 ஆர்15 போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுவனமே அந்த உடலுக்குச் சோதித்துக் கொடுத்த அளவு. மேல் ரகத்தின் ரிம்களே கிடைத்தால் ஹப் துளை, ஆஃப்செட் என்று (இவற்றைப் பின்னால் பார்ப்போம்) எந்தத் தலைவலியும் இல்லை. 15 அங்குல ரகம் வைத்திருந்து, நல்ல சாலைகளில் அதிகம் ஓடுபவர் 195/55 ஆர்16 வரை போகலாம். 17 அங்குலம் இந்தக் காருக்கு வேண்டாம்.

விட்டம் கொஞ்சம் கூடினால் அப்படி என்ன ஆகிவிடும்?

ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. சக்கரம் இரண்டு சதவீதம் பெரிதானால், முன்பு 100 காட்டிய இடத்தில் இப்போது 98தான் காட்டும். பெரும்பாலான கார்களில் மீட்டர் சற்றுக் கூட்டியே காட்டும்படி வைத்திருப்பதால் இரண்டு சதவீதம் பெரிய குற்றமில்லை. மூன்றைத் தாண்டக் கூடாது என்பது டயர் தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. கியர் விகிதமும் மாறுவதுபோல் ஆகிவிடும்: இரண்டாம் கியரில் ஏறிய மேட்டில் வண்டி திணறும்.

டயர் அகலமானால் பிடிப்பும் கூடும்தானே?

பாதி உண்மை. டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் அதன்மேல் இருக்கும் எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகல டயர் போட்டால் அந்தப் பரப்பு பெரிதாவதைவிட, வடிவம் மாறுவதே அதிகம்: நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்க இந்த வடிவம் உதவுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் குறைவாக முறுக்கிக்கொண்டு சீக்கிரம் பக்க விசையைத் தருகிறது.

மழையில் கதை வேறு. அகல டயர் தன் முன்னால் இருக்கும் தண்ணீரை அதிகம் ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது தண்ணீர்மேல் ஏறி மிதக்கத் தொடங்கிவிடும். அந்த நொடியில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நான்குவழிச் சாலையின் ஓரத் தடத்தில் தேங்கும் நீரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அகலத்தைக் கூட்டுகிறவர் மழைப்பிடிப்புக்குப் பேர்போன டயரைத் தேட வேண்டும். டிரெட் (சாலையைத் தொடும் வரிப்பள்ளமுள்ள ரப்பர்) தேய்ந்த பிறகும் அதை இழுத்தடிக்கக் கூடாது.

பக்கச் சுவர் குறைந்தால் ஸ்டீயரிங் ஏன் கூர்மையாகிறது? இழப்பு என்ன?

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முதலில் திரும்புவது ரிம். ரிம்முக்கும் டிரெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர்ச் சுவர் வளைந்து கொடுத்த பிறகே டிரெட் திரும்புகிறது. சுவர் 132 மி.மீ. இருக்கும் இடத்தில் 107 ஆனால் வளைவது குறையும். நீங்கள் திருப்புவதற்கும் கார் திரும்புவதற்கும் இடையேயான தாமதம் சுருங்கும். பெரிய ரிம்மால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுதான், இது மட்டும்தான்.

இழப்பும் அதே சுவரில் இருக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது உயரமான சுவர் நசுங்கி அதிர்ச்சியை விழுங்கும். குட்டையான சுவருக்கு நசுங்க இடமில்லை. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே அது கடிபடும். அப்போது உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடுகின்றன. வெளியே ரப்பர் கிழிந்திருக்காது. ஓரிரு நாளில் அந்த இடத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் தெரியும். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். அந்த டயர் முடிந்தது. பஞ்சர் ஒட்டுவதுபோல் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. அந்த வீக்கத்தோடு நெடுஞ்சாலையில் ஏறுவது வெடிப்பதற்கு நாள் குறிப்பதாகும். ரிம் வளைந்திருந்தால் பெண்ட் எடுத்துத் தருவார்கள், ஆனால் அடித்து நிமிர்த்திய அலாயில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம்.

ரிம்மின் எடை முக்கியமா?

மிக முக்கியம். சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. அது கனத்தால், மேடுபள்ளத்தில் துள்ளும் சக்கரத்தை ஷாக் அடக்கிச் சாலைக்குத் திருப்பி அழுத்துவது கடினமாகிறது; சாலையைத் தொடாத கணத்தில் பிடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதோடு சக்கரம் சுழலவும் வேண்டும். விளிம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவையும் இன்ஜின் உருட்டிக் கிளப்ப வேண்டும், பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும்.

அலாய் என்றாலே இலேசு என்று நம்புகிறவர்கள் கடையில் ஒரு தராசைக் கேட்டுப் பார்க்கலாம். மலிவாக வார்த்த 16 அங்குல அலாய், காரோடு வந்த 14 அங்குல இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். ஃப்ளோ ஃபார்மிங் முறையில் உருட்டி இறுக்கியவை இலேசு, ஃபோர்ஜ் செய்தவை (பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கியவை) அதைவிட இலேசு; விலையும் அதே வரிசையில் ஏறும். ரிம்மின் உட்புறத்தில் ஜப்பானியத் தரக்குறிகளான ஜேடபிள்யூஎல், விஐஏ ஆகியவை வார்ப்பிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த முத்திரையும் இல்லாமல் விலை மட்டும் பாதியாக இருந்தால், பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிசிடி, ஆஃப்செட், ஹப் துளை என்கிறார்கள். இதில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும். பிசிடி என்பது நட்டுகள் அமரும் வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கு நான்கு நட்டு, 100 மி.மீ. பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றில் நான்கு நட்டு, 108. போலோவுக்கு ஐந்து போல்ட், 100. இன்னோவா கிரிஸ்டாவுக்கு ஐந்து நட்டு, 114.3. இது பொருந்தாவிட்டால் மாட்டவே முடியாது என்பதால் இதில் ஏமாறுபவர் குறைவு.

ஏமாறுவது ஹப் துளையில், அதாவது காரின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நுழையும் ரிம்மின் நடுத்துளையில். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளியே விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று 73.1 போன்ற பெரிய துளையோடு வருகின்றன. நடுவில் வளையம் இல்லாமல் மாட்டினால் சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும், மையம் இம்மியளவு விலகும், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் மீண்டும் மீண்டும் செய்தாலும் நடுக்கம் போகாது. கோளாறு பேலன்சில் இல்லை. 73.1-க்குள் 54.1 பொருந்தும் ஹப் வளையம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. புதிய ரிம் ஒரு அங்குலம் அகலமாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட்டும் 7 மி.மீ. குறைந்தால் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 20 மி.மீ. வெளியே வந்துவிடும். பார்ப்பதற்குக் கம்பீரம். ஆனால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து டயர் விலகிப்போவதால் சாலையின் ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கை இழுக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். கைக்கு அடங்கும் கார் வேண்டும் என்று தொடங்கி, கையைப் பிடுங்கும் காரை வாங்கியதாகிவிடும்.

ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டுச் சரிசெய்யலாமா?

வேண்டாம். சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மை வாங்குங்கள்.

எந்த டயர் வாங்குவது?

ஓர் அளவுக்குள்ளேயே டயருக்கு டயர் உள்ள வேறுபாடு, ரிம் அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. நிறுவனம் காரோடு கொடுக்கும் டயரில் மைலேஜுக்கும் நீண்ட ஆயுளுக்கும் முன்னுரிமை இருக்கும். பிடிப்பு அதற்குப் பின்னால்தான். பல டயர்களின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 400-க்கு மேல் என்றால் நெடுநாள் உழைக்கும் கெட்டியான ரப்பர். 200 என்றால் மென்மை, பிடிப்பு நன்று, சீக்கிரம் தேயும். வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிடலாம். அதன் அருகே டிராக்ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என்ற தரம் இருக்கும். அது ஈரத் தளத்தில் நேராக நிற்கும் திறனை மட்டும் சொல்கிறது, வளைவைப் பற்றி அல்ல.

தினமும் ஐம்பது கிலோமீட்டர் அலுவலகம் போய்வருபவருக்கு 200 தேவையில்லை. நடுத்தரமாக 300-க்கும் 400-க்கும் இடையே இருக்கும் நல்ல டயர் போதும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ ஓட்டப் போகிறவர் வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு தொகுதி வைத்துக்கொள்ளட்டும்.

கடையில் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நான்கு இலக்கத் தேதியைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும்தான் பதிந்திருக்கும் என்பதால் உள்பக்கமாக மாட்டிவிட்டால் பிறகு தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததை முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னால் போடவா, பின்னால் போடவா?

பின்னால். முன்சக்கர டிரைவ் காரில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும் என்பதால் கடையில் புதியதை முன்னால் மாட்டவே கை போகும். தடுத்துவிடுங்கள். முன் டயர் வழுக்கினால் கார் வளைவில் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும், பயந்துபோன எவரும் இயல்பாகச் செய்வது அதுதான். தேய்ந்த டயர் பின்னால் இருந்து மழையில் மிதந்தால் வால் வீசும்; அப்போது காலை எடுப்பதே நிலைமையை மோசமாக்கும். பின் டயர் பிடித்து நின்றால் கார் சுழலாது. மீதமிருக்கும் நல்ல ஜோடியை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும் நாளில் கடையில் என்ன பார்க்க வேண்டும்?

அருகிலேயே நில்லுங்கள், அலைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். பழைய ரிம் கழன்றதும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்கும். கம்பி பிரஷ் கொண்டு தேய்த்த பிறகே புதிய ரிம் ஏற வேண்டும். துருவின்மேல் ஒட்டினால் ரிம் நேராக அமராது. நட்டுகளின் அடிப்பாகத்தைப் பாருங்கள்: வெளிச்சந்தை அலாய்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு; ஹோண்டா கார்களோடு வருவது உருண்டை அடி. உருண்டையைக் கூம்புக் குழியில் போட்டால் மெல்லிய கோட்டில் மட்டும் ஒட்டும், ஓட ஓடத் தளரும்.

முதலில் கையால் திருகி, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவது பல கடைகளின் வழக்கம். அதில் நட்டு மரை போவதும் உண்டு, டிஸ்க் கோணுவதும் உண்டு. இறுதி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு. நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் மேடையில் "கேம்பர் அவுட், சரிசெய்ய வேண்டும்" என்று ஒரு பேச்சு வரும். கேம்பர் என்பது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். இத்தகைய சிறிய கார்களில் பொதுவாக முன் டோ மட்டுமே திருகி மாற்றக்கூடியது. கேம்பரைச் சரிசெய்வதாகச் சொல்லிச் சில இடங்களில் ஸ்ட்ரட்டையே (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) ஜாக் வைத்து வளைத்துவிடுவார்கள். கேம்பர் உண்மையிலேயே விலகியிருந்தால் எதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்லுங்கள்.

புதிய டயருக்குக் காற்று எவ்வளவு? நைட்ரஜன் தேவையா?

கதவில் உள்ள அளவிலிருந்து தொடங்குங்கள். ஸ்டீயரிங் மந்தமாகத் தோன்றினால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டிப் பார்க்கலாம், டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தொடாமல். பக்கச் சுவர் குட்டையான டயரில் காற்று குறைவாக வைத்து ஓட்டுவது ரிம்மைப் பள்ளத்துக்குக் காணிக்கை கொடுப்பதுதான். நைட்ரஜன் பற்றி: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

மைலேஜ் குறையுமா?

குறையும். அகலமும் எடையும் மென்மையான ரப்பரும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

சட்டச் சிக்கல், இன்சூரன்ஸ் சிக்கல் வருமா?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே மாடலின் மேல் ரகத்துக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அளவைப் போடுவதே கேள்விக்கு இடமில்லாத வழி என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உடலுக்கு வெளியே துருத்தும் டயர் சோதனையில் கண்ணில் படும். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் ஆய்வாளர் பார்ப்பார்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் போட்ட அலாய்க்கு இழப்பீடு கேட்கும்போது "இது பாலிசியில் இல்லையே" என்ற பதில் வராது. வாரண்டி காலத்தில் இருக்கும் காரென்றால், சஸ்பென்ஷன் கோளாறுக்குப் புதிய சக்கரத்தைக் காரணம் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய 14 அங்குல ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

185/65 ஆர்15 அல்லது 195/55 ஆர்16 போட்டிருந்தால் வைத்துக்கொள்ளலாம். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் அகலம் வேறு, ரப்பர் வேறு. பஞ்சர் ஒட்டும் கடை வரை மெதுவாக ஓட்டுங்கள், அதை மாட்டிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்ப வேண்டாம். இரும்பு ரிம்முக்கு உரிய பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அலாய்க்கு வாங்கிய நீளமான நட்டுகள் மெல்லிய இரும்பு ரிம்மில் சரியாக இறுகாமல் போகலாம். திருட்டுக்குப் பயந்து பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவியும் அந்தப் பையிலேயே இருக்கட்டும், வீட்டு அலமாரியில் அல்ல.